ஆஸ்பத்திரிக் கிருமி கிணற்றுக்கு வருமா?

கொக்குவிலில் இருந்து ஒரு தங்கச்சி கேட்ட கேள்விக்குப் பதில் இது. அவருடைய மாமி சலக்குழாய் போட்டபடி மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். சிறுநீர் கல்ச்சர் ரிப்போட்டில் "இ.எஸ்.பி.எல் ஈ.கோலை" என்று எழுதி, கீழே மருந்துப் பெயர்களுக்கு நேரே ஆர், ஆர், ஆர் என்று, அதாவது அந்த மருந்துக்குக் கிருமி சாகாது என்று, வரிசையாகப் போட்டிருக்கிறதாம். வளவு இரண்டு பரப்பு. மலசலகூடக் குழியும் கிணறும் அதற்குள்தான். இந்தக் கிருமி குழியால் கிணற்றுக்கு வருமா, பிள்ளைகளுக்குத் தொற்றுமா, ஆஸ்பத்திரிக் கிருமி ஆஸ்பத்திரியோடு நிற்காதா, கிணற்றை ஒருதரம் இறைத்துவிட்டால் சரியா என்று நாலு கேள்வி. நான் முப்பது வருடத்துக்கு மேல் ஆய்வுகூடத்தில் கிருமி வளர்க்கிற அகார் தட்டுகளோடு காலம் போக்கியவன், ஆனபடியால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி, மூன்றாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன், அதற்குள்தான் மற்றதெல்லாம் கிடக்கிறது. ஆஸ்பத்திரிக் கிருமி என்று நாங்கள் சொல்வதில் கனக்க ஆஸ்பத்திரியில் பிறந்தவை இல்லை. ஈ.கோலை உங்கள் குடலில் இருக்கிறது, என் குடலில் இருக்கிறது, வேலியோரம் கட்டியிருக்கிற ஆட்டின் குடலிலும் இருக்கிறது. அது அங்கே இருக்கும்வரை ஒரு கரைச்சலும் இல்லை, சலப்பைக்குள்ளோ இரத்தத்துக்குள்ளோ போனால்தான் பிரச்சினை. ஆஸ்பத்திரி செய்வது சுளகின் வேலை. பலவீனமான உடம்புகளை ஒரே கூரையின் கீழ் சேர்த்து வைத்து, கடும் அன்ரிபயோட்டிக்குகளை ஊசியாகவும் சேலைனோடும் ஏற்றும்போது, சாகிறதெல்லாம் பதர் மாதிரிப் பறந்துவிட, சாகாதது மட்டும் சுளகில் நிற்கிறது. நிற்பது எங்களுக்கு வேண்டாத மணி. அதைக் குடலில் சுமந்துகொண்டுதான் ஆட்கள் துண்டு வெட்டி வீட்டுக்கு வருகிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு சொல் சிக்கல் இருக்கிறது. "மருந்து எதிர்ப்பு" என்றவுடன் எங்கள் ஆட்கள் "நோய் எதிர்ப்புச் சக்தி"யோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். "அந்தக் குளிசை என்ர உடம்புக்குப் பழகிப் போச்சு, இனிக் கேக்காது" என்று கிளினிக்கில் ஆட்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். உடம்பு பழகவில்லை. பழகியது கிருமி, அதுவும் உங்களைவிட்டு வேறொரு ஆளுக்குப் போனாலும் அந்தப் பழக்கத்தோடுதான் போகும். 1840களின் கடைசியில் மானிப்பாய்க்கு வந்த அமெரிக்க மிசனரி கிறீன் வைத்தியர் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார், அதற்கென்று புத்தகங்களையும் தமிழில் கொண்டுவந்தார். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு இந்த ஒரு விசயத்துக்கு இன்னும் ஒரு தெளிவான சொல் இல்லாமல் நிற்கிறோம் என்பது எனக்குக் கனநாள் மனவருத்தம். அது கிடக்கட்டும்.

உங்கள் ரிப்போட்டில் உள்ள இ.எஸ்.பி.எல் என்பது கிருமியின் பெயர் இல்லை, கிருமி செய்கிற ஒரு நொதியத்தின் பெயர். பெனிசிலின் குடும்பத்து மருந்துகளில் ஒரு சின்ன வளையம் இருக்கிறது, மருந்தின் வேலையே அந்த வளையத்தில்தான். நொதியம் அந்த வளையத்தை வெட்டிவிடும். அமொக்சிசிலின் போய், செஃபுரொக்சீம் போய், ஊசியாகப் போடுகிற செஃபொடாக்சீம், செஃப்ரியாக்சோன்வரை வெட்டுகிற அளவுக்கு விரிந்துவிட்ட நொதியத்தைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். ஆய்வுகூடத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அகார் தட்டு முழுக்கக் கிருமியைப் பூசி, மருந்து தோய்த்த சின்னக் கடதாசி வட்டங்களை மேலே வைத்து ஓர் இரவு 35 பாகைச் சூட்டில் விடுவோம். மருந்து வேலை செய்தால் வட்டத்தைச் சுற்றிக் கிருமி முளைக்காத தெளிவான வளையம் வரும், அதை அடிமட்டம் வைத்து மில்லிமீற்றரில் அளப்போம். இ.எஸ்.பி.எல் கிருமியில் செஃபொடாக்சீமைச் சுற்றி வளையம் ஒடுங்கித்தான் இருக்கும். ஆனால் பக்கத்தில் கிளவுலனிக் அமிலம் உள்ள வட்டத்தை வைத்தால், அது நொதியத்தின் கையைக் கட்டிவிடுவதால், இரண்டுக்கும் நடுவே மட்டும் வளையம் இழுபட்டுச் சாவித் துவாரம் மாதிரி நிற்கும். எத்தனை ஆயிரம் தட்டுப் பார்த்திருப்பேனோ தெரியாது, அந்தச் சாவித் துவாரத்தைக் கண்டால் இன்றைக்கும் ஒரு நிமிசம் நின்றுதான் பார்ப்பேன்.

இந்த நொதியத்துக்கான மரபணு எங்கே இருக்கிறது என்பதுதான் உங்கள் கேள்விக்கு முக்கியம். அது கிருமியின் பிரதான நிறமூர்த்தத்தில் இருக்க வேண்டும் என்றில்லை. பிளாஸ்மிட் என்கிற தனி டி.என்.ஏ வளையத்தில் இருக்கும். அந்த வளையத்தை ஒரு பற்றீரியா பிரதியெடுத்துப் பக்கத்தில் நிற்கிற இன்னொன்றுக்குக் கொடுத்துவிடும், பக்கத்து வீட்டுக்கு வேலிக்கு மேலால் கறிக் கிண்ணம் கொடுப்பது போல. வாங்குகிறது அதே சாதிக் கிருமியாய் இருக்கவும் தேவையில்லை, ஈ.கோலை கிளெப்சியெல்லா என்ற வேறு பற்றீரியாவுக்குக் கொடுக்கும். செத்த கிருமியில் இருந்து சிந்திய டி.என்.ஏயைப் பொறுக்கி எடுக்கிற பற்றீரியாவும் உண்டு. ஆகவே "கிருமி எவ்வளவு தூரம் போகும்" என்று மட்டும் பார்த்தால் அரைவாசிக் கதைதான். கிருமி வழியில் செத்தாலும் கிண்ணம் கைமாறிப் போய்க்கொண்டிருக்கும்.

இன்னுமொன்று, இந்தக் கிண்ணம் எங்கள் காலத்தில் வனையப்பட்டதும் இல்லை. உலகம் முழுக்கப் பரவியிருக்கிற சி.ரி.எக்ஸ்-எம் என்ற இ.எஸ்.பி.எல் வகையின் மூலம், குளூவெரா என்ற, மனிதருக்குப் பெரிதாகத் தீங்கு செய்யாத ஒரு பற்றீரியாவின் மரபணு. அமெரிக்காவில் லெச்சுகியா என்ற குகையில், 40 இலட்சம் வருடங்களாக வெளியுலகத் தொடர்பே இல்லாமல் கிடந்த பற்றீரியாக்களும் இன்றைய மருந்துகள் பலவற்றுக்குச் சாகவில்லை என்று 2012 இல் காட்டினார்கள். மண்ணில் பூஞ்சணமும் பற்றீரியாவும் ஒன்றையொன்று மருந்தடித்துச் சண்டை பிடித்த காலத்தில் இருந்தே இது இருக்கிறது. மண்ணில் ஒரு மூலையில் கிடந்ததை நாங்கள் ஆஸ்பத்திரிக்குள் எடுத்து, கொழுக்க வளர்த்து, பெருந்தொகையாக மண்ணுக்கே திருப்பி அனுப்புகிறோம், அதுதான் புதிது.

சரி, எப்படி வெளியே வருகிறது? ஆட்கள் நினைப்பது மருத்துவக் கழிவுப் பையை, ஊசியை, பஞ்சை. அது அசிங்கம், ஆபத்தும்தான், ஆனால் எதிர்ப்புக் கிருமி பரவுகிற பெரிய வழி அதுவல்ல. பெரிய வழிகள் இரண்டு, ஒன்று ஆள், மற்றது தண்ணீர்.

ஆள் என்பது உங்கள் மாமி மாதிரியானவர்கள், குற்றமாகச் சொல்லவில்லை. இ.எஸ்.பி.எல் கிருமியைக் குடலில் வாங்கிக்கொண்ட நோயாளர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கெடுத்தபோது, ஒரு வருடம் கழித்தும் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் அது இருந்தது. மற்றவர்களிடம் தானாகவே போய்விட்டது, அதையும் கவனியுங்கள். ஆனால் அதற்கு ஆஸ்பத்திரிக்கே போகத் தேவையில்லை. நெதர்லாந்தில் இருந்து 2012, 2013 இல் வெளிநாடு போய்த் திரும்பிய 2,000 பேரளவில் பரிசோதித்தார்கள். தெற்காசியாவுக்கு வந்துபோனவர்களில், போகும்போது இல்லாமல் திரும்பும்போது இ.எஸ்.பி.எல் கிருமியோடு போனவர்கள் 75 வீதம். வந்து, கோயில் குளம் பார்த்து, றோட்டுக்கடையில் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போனவர்கள்! எங்கள் பக்கத்துச் சாப்பாட்டிலும் தண்ணீரிலும் ஏற்கனவே அது எவ்வளவு ஊறியிருக்கிறது என்று இதில் இருந்து விளங்கும். எனவே மாமி வந்ததால்தான் வீட்டுக்குக் கிருமி வந்தது என்று தயவுசெய்து யாரும் அந்த மனிசியின் காதுபடச் சொல்ல வேண்டாம். வீட்டில் எல்லோரையும் பரிசோதித்தால் யாரிடம் முதலில் வரும் என்று எனக்கே பந்தயம் கட்டத் தைரியமில்லை.

தண்ணீர் என்பது கை கழுவும் பேசினில் தொடங்குகிறது. பேசினுக்குக் கீழே வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், மணம் மேலே வராமல் இருப்பதற்காக. அதற்குள் வழுவழுவென்று ஒரு படலம் பிடிக்கும், விரலால் தொட்டால் சளி மாதிரி. அமெரிக்காவில் வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் ஆஸ்பத்திரிப் பேசின்களைப் போலவே ஆய்வுகூடத்தில் வரிசையாகக் கட்டி, பச்சையாய் ஒளிர்கிற ஈ.கோலையை அந்த வளைவுக்குள் விட்டுப் பார்த்தார்கள், 2017 இல் வெளிவந்தது. கிருமி குழாய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நாளுக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் மேலே ஏறியது. கிட்டத்தட்ட ஒரு கிழமையில் மேலே உள்ள வடிக்குத் தட்டுவரை வந்துவிட்டது. பிறகு பைப்பைத் திறந்து தண்ணீர் அதில் நேராக விழ, சுற்றிவரத் தெறித்தது. வாட்டில் மிச்சச் சேலைனை, மிச்சத் தேத்தண்ணியை அந்தப் பேசினில் ஊற்றுகிற பழக்கம் அதற்குச் சாப்பாடு போடுவதற்குச் சமம். ஒரு வாட்டில் இதை நான் சொல்லப்போய், "உங்களுக்கு லாப்பில வேலை இல்லையோ" என்று கேட்டார்கள். எந்த இடம் என்று சொல்லவில்லை.

மேலே ஏறுவது அப்படி, கீழே இறங்குவது எங்கே போகிறது? ஒழுங்கான சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் கிருமியின் எண்ணிக்கை நூற்றுக்கு ஒன்றாகவோ அதற்கும் கீழாகவோ குறையும். ஆனால் முழுதாய்ப் போகாது. சுத்திகரிப்புத் தொட்டி என்பதே கோடிக்கணக்கான பற்றீரியாக்களைக் காற்றடித்துச் சாப்பாடு கொடுத்து நெருக்கமாய் வைத்திருக்கிற இடம், கறிக் கிண்ணம் கைமாற அதைவிட வசதியான வேலி கிடையாது. அயர்லாந்தின் மேற்குக் கரையில் 2016–17 இல், சுத்திகரிக்காத கழிவுநீர் விழுகிற கடற்கரைப் பக்கத்து நன்னீர் ஓடை ஒன்றிலும், கழிவுநீரிலும், ஒரு நோயாளியின் மாதிரியிலும் எடுத்த ஈ.கோலை மூன்றும் பிரித்தறிய முடியாத அளவு ஒன்றாக இருந்தன. அது சும்மா இ.எஸ்.பி.எல் அல்ல, மெரோபெனெம் மாதிரிக் கடைசி மருந்துகளையும் வெட்டுகிற என்.டி.எம் வகை, அந்த முதல் இரண்டு எழுத்தும் நியூ டெல்லியைக் குறிக்கின்றன. இந்த என்.டி.எம்-1 முதன்முதலில் பிடிபட்டது 2008 இல், டில்லியில் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுச் சுவீடனுக்குத் திரும்பிய ஒருவரிடம். 2011 இல் டில்லித் தெருக்களில் தேங்கிநின்ற, வடிகிற தண்ணீர் மாதிரிகள் 171 இல் 51 இலும், குழாய்த் தண்ணீர் மாதிரிகள் 50 இல் 2 இலும் அந்த மரபணு இருந்ததாக அறிக்கை வந்தது. அந்தக் காலத்தில் பெரிய அரசியல் சண்டையே நடந்தது, ஊரின் பெயரை இதற்கு வைக்கலாமா என்று. பெயர்ச் சண்டை முடிகிறதற்கிடையில் அது ஊர் சுற்றிவிட்டது. 2019 இல் வடதுருவத்துக்குக் கிட்ட சுவால்பார்ட் தீவுக்கூட்டத்தின் மண்ணிலும் அதே மரபணு இருந்ததாக எழுதினார்கள். ஆட்களே அருமையான பனிமண். பறவையின் எச்சத்தோடோ, ஆட்களோடோ போயிருக்கும் என்கிறார்கள்.

இப்போது எங்கள் வளவுக்கு வருவோம். யாழ்ப்பாணத்துக்கு ஆறு கிடையாது, மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாற்றை விட்டால். குடிப்பது, குளிப்பது, தோட்டத்துக்கு இறைப்பது எல்லாம் நிலத்தடித் தண்ணீர்தான். அது நிற்பது மணலில் அல்ல, சுண்ணக்கல்லில். மணல் என்றால் வடிகட்டியாவது வேலை செய்யும். சுண்ணக்கல்லில் தண்ணீர் வெடிப்புகளாலும் பொந்துகளாலும் குழாயில் ஓடுவது மாதிரி ஓடிவிடும். நிலாவரைக் கிணறு அப்படி ஒரு பொந்துதான், மேலே நல்ல தண்ணீரும் கீழே உப்புத் தண்ணீருமாய். கொக்குவில், சுன்னாகம் பக்கத்துச் செம்மண் கனம் குறைவான போர்வை மாதிரிக் கிடக்கிறது, அதற்குக் கீழே கல். சுன்னாகத்தில் கழிவு எண்ணெய் நிலத்தடி நீருக்குள் இறங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகளில் மிதந்ததும், அது உச்ச நீதிமன்றம்வரை போய் 2019 இல் தீர்ப்பு வந்ததும் உங்களுக்குத் தெரியும்தானே. எண்ணெய் மிதந்ததால் கண்ணுக்குத் தெரிந்தது. மலக் கிருமிக்கு நிறமும் இல்லை, அந்த அளவில் மணமும் இல்லை.

யாழ்ப்பாண நகருக்கு ஊர் முழுக்க ஓடுகிற மலக் குழாய் வலையமைப்பு இல்லை. ஒவ்வொரு வளவிலும் ஒரு குழி. அடியில் சீமெந்து போடாத குழிதான் அனேகம், நிரம்பாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிக் கட்டியது. "எங்கட குழி இருவது வருசமாய் நிரம்பினதே இல்லை" என்று பெருமையாகச் சொல்பவர்களைக் கண்டிருக்கிறேன். எங்கே போகிறது என்று கேட்டால் முழிப்பார்கள். குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி விட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. இரண்டு பரப்பு வளவில் உங்கள் குழியை உங்கள் கிணற்றில் இருந்து அவ்வளவு தள்ளினால் அது பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குக் கிட்டப் போய்விடும், அவர்களும் அதையே உங்களுக்குச் செய்திருப்பார்கள். மதில் தண்ணீருக்குத் தெரியாது. அதோடு, கோடையில் கிணற்று மட்டம் கீழே போய், குழியின் அடிக்கும் தண்ணீருக்கும் நடுவே கொஞ்சம் காய்ந்த நிலமாவது இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டம் ஏறி வந்து குழியின் அடியைத் தொடும் இடங்கள் கனக்க. அந்த இரண்டு மாதமும் குழியும் கிணறும் ஒரே பாத்திரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

என்னுடைய வீட்டுக் கதையையே சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம், விடாமல் நாலு நாள் மழை பெய்து முடிந்த பிறகு, சும்மா ஒரு யோசனையில் எங்கள் கிணற்றுத் தண்ணீரை அவித்த போத்தலில் அள்ளிக்கொண்டு போனேன். 100 மில்லிலீற்றரை வடிதாளில் வடித்து, அந்தத் தாளை செஃபொடாக்சீம் கலந்த, ஈ.கோலை இளஞ்சிவப்பாய் முளைக்கிற மக்கொங்கி அகாரில் ஒட்டி வைத்தேன். சாதாரண ஈ.கோலை அந்த மருந்தில் முளைக்காது. அடுத்த நாள் காலை இன்கியூபேற்றரைத் திறக்க, தட்டில் ஏழு புள்ளிகள், செவ்வரத்தம் பூவைக் கசக்கின மாதிரி இளஞ்சிவப்பாய். எங்கள் வீட்டில் அதற்கு முதல் மூன்று நாலு வருடம் ஒருவரும் ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னால், மனைவி அடுப்படியில் நின்றபடியே, "இஞ்சேருங்கோ, அப்ப இவ்வளவு நாளும் நாங்கள் குடிச்சது உதையோ?" என்றார். "கொதிக்க வைச்சுத்தானே குடிச்சனாங்கள்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் தோட்ட வேலை செய்துவிட்டு வந்தால் வாளியில் இருந்து அப்படியே அள்ளிக் குடிப்பது அவருக்குத் தெரியும். இது ஆய்வு இல்லை, ஒரு கிணறு, ஒரு நாள், ஒரு தட்டு. ஆனால் அதற்குப் பிறகு நான் வாளியில் வாய் வைக்கவில்லை.

அந்த ஏழும் எங்கிருந்து வந்திருக்கும்? ஆஸ்பத்திரியைக் கைகாட்டிவிட்டுத் தப்ப எனக்கு விருப்பமில்லை. மனிதர் பாவிக்கிற அன்ரிபயோட்டிக்கில் பெரும்பங்கு ஆஸ்பத்திரிக்கு வெளியேதான் விழுங்கப்படுகிறது. விழுங்கியது உடம்பில் கரைந்து மாயமாவதும் இல்லை. அமொக்சிசிலினில் அரைவாசிக்கு மேல் சில மணித்தியாலத்தில் அப்படியே சலத்தோடு போய்விடும். ஆனால் அது வெளியே கெதியில் உடைந்துவிடும், பாவம். சிப்ரோபிளொக்சசின் அப்படியில்லை. 40, 50 வீதம் மாறாமல் சலத்தோடு போய், மண்ணிலும் சேற்றிலும் ஒட்டிக்கொண்டு கனநாள் கிடக்கும். கிருமியைக் கொல்லத் தேவையான அளவில் நூற்றில் ஒரு பங்கு, சிலவேளை அதற்கும் குறைவாக இருந்தாலே எதிர்ப்புக் கிருமிக்கு அனுகூலம் கிடைத்துவிடும் என்று 2011 இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மருந்து செய்கிற இடத்துக் கழிவு இதைவிட மோசம். ஐதராபாத்துக்குப் பக்கத்தில் பட்டான்செருவில் பல மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியே விட்ட தண்ணீரில் லீற்றருக்கு 31 மில்லிகிராம்வரை சிப்ரோபிளொக்சசின் இருந்ததாக 2007 இல் எழுதினார்கள், ஆளின் இரத்தத்தில் மருந்து உச்சத்தில் நிற்கும்போது இருப்பதைவிடவும் கூட.

கோழியும் இருக்கிறது. இறைச்சிக் கோழிக்குக் குடிதண்ணீரில் அன்ரிபயோட்டிக் கலந்து கொடுப்பது ஊரறிந்த விசயம், ஒரு கோழி சோர்ந்து தூங்கினால் கூட்டுக்கே மருந்து. அந்தக் கூட்டு எரு புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் போகிறது, பச்சையாகவே. அதற்கு மேல் மோட்டர் போட்டு இறைக்க, வாய்க்காலால் ஓடி, மிச்சம் அதே கிணற்றுக்கே இறங்குகிறது. எருவைக் குவித்து நன்றாகச் சூடேற விட்டு, இடையில் புரட்டி, உக்கிய பிறகு போட்டால் குடல் கிருமி பெரும்பாலும் செத்துவிடும், 55 பாகைக்கு மேல் சில நாள் நின்றால் போதும். எங்கள் அப்பர் காலத்தில் குவித்து உக்க விட்டுத்தான் போட்டார்கள், கிருமிக்காக அல்ல, பயிர் எரியும் என்று. இப்போது லொறியில் வந்து இறங்கிய அன்றைக்கே கொத்திவிடுகிறார்கள்.

பாமசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. துண்டில்லாமல் அன்ரிபயோட்டிக் விற்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, "காய்ச்சலுக்கு மூண்டு குளிசை தாங்கோ" என்று கேட்டால் கிடைக்கவும் செய்கிறது. எங்கள் தலைமுறையில் இது வேறொரு விதமாகவும் ஊறிப்போனது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் ஒரு காட் அமொக்சிசிலின் இருந்தால் அது பெட்டகத்தில் நகையோடு இருக்கும். பிள்ளைக்கு இரண்டு கொடுத்துக் காய்ச்சல் விட்டால் மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு வைப்பார்கள், பக்கத்து வீட்டுக்கும் இரண்டு போகும். அன்றைக்கு அது புத்திசாலித்தனம், வேறு வழி இருக்கவில்லை. 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது அந்தப் பழக்கம் அப்படியே திரும்பி வந்ததைப் பார்த்தேன். உங்கள் வீட்டு அலுமாரியிலும் ஒரு பாதி காட் கிடக்கும், பாருங்கள். அதை மலசலகூடத்தில் மட்டும் கொட்டாதீர்கள், குழிக்குள் இருக்கிற கிருமிக்கு மருந்து பழக்குவதாக முடியும்.

உலகக் கணக்கில், 2019 இல் மருந்துக்கு மசியாத பற்றீரியாக்களால் நேரடியாக 12.7 இலட்சம் பேர் செத்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அதைச் சொல்லி உங்களைப் பயப்படுத்த இதை எழுதவில்லை. உங்கள் வீட்டில் என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம்.

மாமிக்கு இப்போது காய்ச்சல், எரிவு, நோ, குழப்பம் ஒன்றும் இல்லையென்றால், கிருமி இருக்கிறது என்பதற்காக மருந்து தேவைப்படாது. வயதானவர்களின் சலத்தில், அதுவும் சலக்குழாய் போட்டவர்களில், கிருமி இருப்பது சாதாரணம், நோய்க்குறி இல்லாமல் அதற்கு மருந்து கொடுத்தால் சுளகைத் திரும்பவும் ஆட்டியதாகத்தான் முடியும். ரிப்போட்டை எறியாமல் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். நாளைக்கு அவருக்கு உண்மையிலேயே காய்ச்சல் வந்தால், போகிற இடத்தில் முதலில் அதைக் காட்டினால் எந்த மருந்தில் தொடங்குவது என்று வைத்தியருக்கு விளங்கும், இரண்டு நாள் மிச்சம். சலப்பையை வெறுமையாக்குகிறவர் முதலும் பிறகும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும், அந்தப் பை நிலத்தில் முட்டக்கூடாது, ஊற்றுகிற பாத்திரம் அடுப்படிப் பக்கம் வரக்கூடாது. தட்டு, கோப்பை எல்லாம் வேறாக்கத் தேவையில்லை. பேரப்பிள்ளைகள் மடியில் ஏறலாம், மலசலகூடத்தால் வந்து கை கழுவுகிறார்களா என்பதை மட்டும் பாருங்கள், அது மாமிக்கும் சேர்த்துத்தான்.

தண்ணீரில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது, படித்த ஆட்களே இதைச் சிலவேளை குழப்பிக்கொள்கிறார்கள். மருந்துக்குத் திமிறுகிற கிருமி கொதிதண்ணீருக்குத் திமிறாது. மெரோபெனெமுக்குச் சாகாத ஈ.கோலையும் சாதாரண ஈ.கோலையும் கேத்திலுக்குள் ஒன்றுதான், பொங்கிக் கொதித்து ஒரு நிமிசம் நின்றால் இரண்டும் முடிந்தது. குளோரினும் அப்படியே. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் கிணற்றின் விட்டமும் தண்ணீர் ஆழமும் பார்த்து எவ்வளவு தூள் என்று சொல்லுவார், கண்மதிப்பில் கொட்ட வேண்டாம். ஆனால் குளோரின் அன்றைக்குக் கிணற்றில் நிற்கிற தண்ணீருக்குத்தான், நாளைக்கு வெடிப்பால் வருகிற தண்ணீருக்கு அதைப் பற்றித் தெரியாது. குடிக்க மட்டுமல்ல, பல் தீட்டவும், பச்சையாய்ச் சாப்பிடுகிற வல்லாரை, சலாது கழுவவும் கொதித்தாறிய தண்ணீரை எடுங்கள், மாரி முடியும்வரையாவது. தாளையடியில் 2024 இல் திறந்த கடல்நீர்ச் சுத்திகரிப்புத் திட்டத்துக் குழாய் உங்கள் ஒழுங்கைக்கு வந்தால் இணைப்பை எடுத்துவிடுங்கள், கிணற்றை விட்டுக்கொடுக்க மனமில்லாவிட்டால் அது குளிக்க இருக்கட்டும்.

பெரிய வேலை குழியில்தான். அடைத்துக் கட்டிய தொட்டியாக மாற்றிக் காலத்துக்குக் காலம் பவுசரைக் கூப்பிட்டு எடுப்பிப்பது செலவுதான், தெரியும். எடுப்பிக்கும்போது எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்று பவுசர்க்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆட்கள் கேட்பதில்லை, தங்கள் வளவைவிட்டுப் போனால் சரி என்று. ஒரு வெளியில், ஒரு தரவையில் கொட்டினால் அது இன்னொருவருடைய கிணறு.

கடைசியாக, கிணற்றை இறைக்கிறது. இப்போது, இந்த மழைக்குள், இறைக்காதீர்கள். நீங்கள் இறைக்க இறைக்க மட்டம் தாழ்ந்து சுற்றி நிற்கிற தண்ணீரெல்லாம் உங்கள் கிணற்றை நோக்கி இழுபடும், குழிப் பக்கத்துத் தண்ணீர் உட்பட. இரண்டு மோட்டர் வைத்து வெறுமையாக்கினாலும் விடிய எழும்பிப் பார்த்தால் பழைய மட்டத்தில் நிற்கும், அதே தண்ணீர். சித்திரைக்குப் பிறகு மட்டம் இறங்கட்டும், அப்போது ஆளை இறக்கிச் சேறு அள்ளி, வெடித்த கட்டைப் பூசி, சுற்றிவரச் சீமெந்துத் தரையையும் சரிபண்ணுங்கள். ஆள் இறங்க முதல் காற்று இருக்கிறதா என்று விளக்கு இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.